பரதேசி நட்ட தோப்பு



இடமாறுதலாகி இந்தச் சேகரத்திற்கு வந்து மூன்று மாதங்கள் நிறைவடைகின்றன. முந்தைய சேகரத்துச் சபையார் பலர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, புது வீடு எப்படி இருக்கிறது? அம்மா எப்படி இருக்கிறார்கள்? தோட்டம் போட்டுவிட்டீர்களா?" என்று விசாரிக்கிறீர்கள். உங்கள் அன்புக்காகத் தேவனைத் துதிக்கிறேன். தனித்தனியே சொன்ன பதில்களை இந்த வாரத் தியானமாகவே எழுதிவிடலாம் என்று அமர்ந்தபோது, அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்வி இருப்பதை உணர்ந்தேன். நிரந்தரமல்லாத இடத்தில் ஒரு விசுவாசி எவ்வாறு குடியிருக்க வேண்டும்?

வீடு

இது எங்களுக்கு ஒன்பதாவது குருமனை. தேரிக்காட்டின் ஓரத்தில் அமைந்த பழைய ஓட்டு வீடு. சுவர்கள் அகலமானவை, உச்சி வெயிலிலும் உள்ளே குளிர்ச்சி குறைவதில்லை. ஆனி, ஆடி மாதங்களின் காற்று மட்டும் எவரையும் கேளாமல் உள்ளே நுழைந்து, பெருக்கிய தரையிலும் திறந்துவைத்த புத்தகத்திலும் செம்மணலைத் தூவிவிட்டுப் போயிற்று. சபையார் நுங்கும் கருப்பட்டியும் கொண்டுவந்து எங்களை வரவேற்றார்கள்.

பெட்டிகளைப் பிரித்துப் படங்களை மாட்ட முற்பட்டபோது, ஒரு ஆணிகூட அடிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு முன் இங்கே வாழ்ந்த குருவானவர்கள் அடித்த ஆணிகள் வேண்டிய இடங்களில் எல்லாம் இருந்தன. ஓர் அறையின் கதவு நிலையில் பென்சிலால் இட்ட கோடுகளும், அவற்றின் அருகே தேதிகளும் காணப்பட்டன. யாரோ ஒரு குருவானவரின் பிள்ளைகள் வளர்ந்த உயரம் அது. வர்ணம் பூச வந்தவரிடம் அந்த நிலையை மட்டும் தொடாமல் விட்டுவிடும்படி என் துணைவியார் கேட்டுக்கொண்டார். பின்புறத்தில் ஒரு மாமரம் நிற்கிறது. அதை வைத்தவர் யார் என்று ஊர்ப் பெரியவர்களுக்கும் நினைவில்லை. அதன் பழத்தை நாங்கள் உண்டோம்.

காத்திருக்கும் இருவர்

இவ்வளாகத்தில் எங்களுக்கு முன்பே குடியிருந்தது மணி. செம்பழுப்பு நிறமுள்ள நாட்டு நாய். பல ஆண்டுகள் ஆலய மணி அடித்துவந்த பணியாளர் ஒருவர் அதை வளர்த்தார். பெயரும் அதனாலேயே வந்தது. கடந்த லெந்து நாட்களில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய உறவினர் மணியைத் தங்கள் ஊருக்கு அழைத்துச் சென்றார்கள். நான்காம் நாளில் அது தானே திரும்பி வந்துவிட்டதாம். நாங்கள் வந்த புதிதில் வைத்த சோற்றை உண்ணும். வீட்டு வாசற்படியை மிதிக்காது. மாலை ஐந்தரை மணியானால் மணிக்கூண்டின் படியில் போய் அமர்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மணி ஒலித்து ஓய்ந்ததும், அதை அடித்தவரின் கையை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும்.

மார்ட்டின் லூத்தர் டோல்பெல் என்ற நாயை வளர்த்தார். மேசையிலிருந்த இறைச்சியின்மேல் வைத்த கண்ணை அது எடுக்காமல் காத்திருந்ததைக் கண்டு, தம் மனமும் ஜெபத்தில் அப்படி ஒருமுகப்பட்டால் எத்தனை நலமாயிருக்கும் என்ற கருத்தில் அவர் பேசியதை, உடன் உணவருந்தியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். லூத்தர் கண்டது உணவுக்காகக் காத்திருந்த நாயை. நாங்கள் மாலைதோறும் காண்பது, இனி வரப்போகாத ஒருவருக்காகக் காத்திருக்கும் நாயை.

இவ்வீட்டில் காத்திருக்கும் இன்னொருவர் என் தாயார். அவர்களுக்கு இப்போது 86 வயது. நினைவு மங்கிவருவதை உங்களில் பலர் அறிவீர்கள். பகலெல்லாம் அமைதியாக இருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் கலக்கம் தொடங்குகிறது. நினைவிழப்பு உள்ள முதியோருக்கு அந்திவேளையில் இக்கலக்கம் மிகுவதுண்டு என்றும், வீடு மாறினால் அது இன்னும் கூடலாம் என்றும் மருத்துவர் சொன்னார். இரண்டு சேலைகளை ஒரு மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, "எய்யா, வீட்டுக்கு எப்பப் போவோம்?" என்று கேட்கிறார்கள்.

எந்த வீட்டைச் சொல்கிறார்கள்? முந்தைய குருமனையை என்று எண்ணினோம். அதுவன்று. என் தகப்பனாரோடு வாழ்ந்த வீடும் அன்று. கிணற்றடியில் இரண்டு பனை நிற்கும் வீடு என்கிறார்கள். அது அவர்கள் பிறந்த வீடு. அந்த வீடு இடிந்து, கிணறும் தூர்ந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. எந்த வண்டியில் ஏற்றியும் அம்மாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க என்னால் ஆகாது.

பரம வீட்டைக் குறித்து இத்தனை ஆண்டுகளாகப் பிரசங்கித்து வருகிற எனக்கு, வாசற்படியில் எழும் இக்கேள்விக்கு விடை சொல்வது எளிதாக இல்லை. இதுதான் நம் வீடு என்றால், அம்மாவின் மனம் அதை ஏற்பதில்லை. நமக்கு இவ்வுலகில் நிலையான வீடு இல்லை என்றால், அது வேதத்திற்கு ஒத்த உண்மைதான். ஆனால் அந்தியில் அழுகிற முதியவரிடம் அதை மட்டும் சொல்வது அன்பாகுமா?

கூடாரத்தில் இருந்தவன் வைத்த மரம்

இந்தக் கேள்வியோடு ஆபிரகாமின் வரலாற்றை மறுபடியும் வாசித்தேன். அவன் வாக்குத்தத்த தேசத்திலேயே அந்நியனைப்போலக் கூடாரங்களில் வாழ்ந்தான் என்றும், தேவன் கட்டுகிற நகரத்தை எதிர்நோக்கியிருந்தான் என்றும் எபிரெயர் 11ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. அப்படியானால் அவன் அந்த மண்ணில் எதையும் ஊன்றாமல் இருந்துவிட்டானா? இல்லை. ஆதியாகமம் 21ஆம் அதிகாரத்தின் இறுதியைப் பாருங்கள். பெயெர்செபாவில் தான் தோண்டிய கிணற்றுக்காக அபிமெலேக்கோடு உடன்படிக்கை செய்தபின், ஆபிரகாம் அவ்விடத்தில் மரம் வைத்துக் கர்த்தரைத் தொழுதுகொண்டான். நம் தமிழ் வேதாகமம் அதைத் தோப்பு என்கிறது. எபிரெய மூலத்தில் உள்ள சொல், வறண்ட மணல்நிலத்திலும் தாங்கி வளரும் ஒரு மரவகையைக் குறிக்கிறது.

இதன் பின்னரே, 23ஆம் அதிகாரத்தில், சாராளை அடக்கம்பண்ணுவதற்காக மக்பேலாவின் குகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் 400 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறான். அவன் அத்தேசத்தில் விலை கொடுத்து வாங்கியதாக ஆதியாகமம் சொல்லும் நிலம் அந்தக் கல்லறை நிலம்தான். எனவே, மரம் வைத்த நாளில் ஓர் அடி நிலமும் அவன் பேரில் இல்லை. கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க எந்நேரமும் ஆயத்தமாயிருந்த பரதேசி, தான் பிடுங்கிச் செல்ல முடியாத ஒன்றை மண்ணில் வைத்தான்.

எரேமியாவின் காலத்திலும் இதே கேள்வி எழுந்தது. நேபுகாத்நேச்சார் யூதரைச் சிறைப்பிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோனபின், அனனியா என்ற தீர்க்கதரிசி எருசலேம் தேவாலயத்தில் எழுந்து நின்று, இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று முழங்கினான். கேட்பதற்கு எத்தனை இனிமை! அதை நம்பினால் பாபிலோனில் பெட்டியைப் பிரிக்கவே வேண்டியதில்லை. எரேமியாவோ சிறைப்பட்டுப் போனவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்பது அக்கடிதத்தின் சாரம். திரும்பும் நாளுக்கு அவர் குறித்த காலம் 70 ஆண்டுகள். கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்த நாளைக் கண்டிருக்க முடியாது. அவர்கள் போட்ட தோட்டங்களின் பலனைப் பேரப்பிள்ளைகள் உண்டிருப்பார்கள்.

எரேமியா 29ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடுங்கள் என்ற கட்டளையும், நான் உங்களைத் திரும்ப அழைத்து வருவேன் என்ற வாக்குறுதியும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. வீடு திரும்பும் ஏக்கத்தைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. அந்த ஏக்கத்தோடேயே மண்ணைக் கொத்தச் சொன்னார்.

தோட்டம்

நான் எந்தச் சேகரத்திற்குப் போனாலும் தோட்டம் போடுவது உங்களுக்குத் தெரிந்ததே. இங்கேயும் 12 முருங்கை விதைகளை ஊன்றினேன். முளைத்த ஒன்பதில் நான்கை மயில்கள் கொத்திவிட்டன. மீதம் ஐந்து. மேற்குச் சுவரோரம் ஓர் ஒட்டுமாங்கன்றும் வைத்திருக்கிறேன். "ஐயா, அது காய்க்கிற வருஷம் உங்களுக்கு மாறுதல் வந்துவிடுமே" என்று ஒரு பெரியவர் சிரித்தார். அவர் சொல்வது நடக்கக்கூடியதே. பின்புறத்து மாமரத்தை வைத்தவருக்கும் அதுவே நடந்திருக்கலாம்.

மாலையில் செடிகளின் இலைகளைப் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றில் வைத்து உலர்த்தி, பெயரும் தேதியும் எழுதி வருகிறேன். இப்பழக்கத்திற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் ஐயர், 1836இல் சென்னையில் மரிக்கும்வரை தமிழ் மண்ணில் ஊழியம் செய்தவர். தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்த அதே கைகளால் நம் நாட்டுச் செடிகளையும் சேகரித்து உலர்த்தி வைத்தார். தாவரவியலாளர் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

1793இல் வங்காளத்திற்கு வந்த வில்லியம் கேரி, 1834இல் செராம்பூரில் மரிக்கும்வரை ஒருமுறையேனும் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. வேத மொழிபெயர்ப்புகளுக்கு இடையில் அவர் ஒரு பெரிய தோட்டத்தை வளர்த்தார். ஒருமுறை இங்கிலாந்திலிருந்து விதைகள் வந்த பையை, ஒரு விதையும் வீணாகாதபடி நிழலான மூலையில் உதறினார். சில நாட்களில் அங்கே ஒரு சிறு டெய்சிச் செடி முளைத்தது. சிறுவயதில் தன் ஊர்ப் புல்வெளிகளில் பார்த்த அந்தப் பூவைக் கண்டு அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆண்டுதோறும் அதன் விதையை எடுத்து மீண்டும் விதைத்துக் காத்துவந்தார். 1823இல் வெள்ளம் தோட்டத்தை அழித்தபோது, அறுபதைக் கடந்திருந்த அவர் அதை மறுபடியும் உண்டாக்கினார். தாயகத்தை மறந்தவர் டெய்சிச் செடிக்காக மகிழ்ந்திருக்க மாட்டார். வந்த நாட்டை நேசியாதவர் வெள்ளம் வடிந்த சேற்றில் மறுபடியும் நட்டிருக்க மாட்டார்.

அம்மாவின் கேள்விக்கு என் துணைவியார்தாம் விடை கண்டார். சில வாரங்களுக்கு முன், ஒரு மாலையில், அம்மா மஞ்சள் பையோடு வாசலில் நின்றபோது, "போவோம் அத்தை. இந்தச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போவோம்" என்று சொல்லி, செம்பை அவர்கள் கையில் கொடுத்தார். அம்மா பையைக் கீழே வைத்தார்கள். கன்றின் அருகே குனிந்து பார்த்தவர்கள், "ஏட்டி, முருங்கைக்கு இம்புட்டுத் தண்ணியா? வேரு அழுகிப்போகும்" என்று கடிந்துகொண்டார்கள். மகனின் பெயரைச் சில நேரம் மறந்துவிடுகிற அவர்களுக்கு முருங்கையின் பக்குவம் மறக்கவில்லை. அன்று முதல் மாலை நீர் வார்ப்பது அம்மாவின் வேலை.

போவோம் என்பதும், போகும்வரை நீர் வார்ப்போம் என்பதும் அந்த ஒரே பதிலில் இருந்தன. நான் ஆபிரகாமிடமும் எரேமியாவிடமும் தேடிக்கொண்டிருந்ததும் அதுவே.

அம்மாவின் கலக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில மாலைகளில் செம்பும் உதவுவதில்லை. அழுது ஓய்ந்தே உறங்குகிறார்கள். அத்தகைய இரவுகளில் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். மணி இப்போது வாசற்படியைத் தாண்டி வந்து அம்மாவின் நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொள்கிறது. ஆயினும் ஐந்தரை மணிக்கு மணிக்கூண்டுக்குப் போவதை அது நிறுத்தவில்லை. நாங்களும் தடுப்பதில்லை.

இந்த வாரத்திற்கு

பிரியமானவர்களே, உங்களில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். சிலர் வளைகுடா நாட்டில் ஒரே அறையில் பலராகத் தங்கி உழைக்கிறீர்கள். சில தாய்மார், ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளையின் அடுக்ககத்தில் பொழுதைக் கழிக்கிறீர்கள். ஊருக்குப் போனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜெப ஐக்கியத்தையும், அயலாரின் நட்பையும், மனதுக்குப் பிடித்த சிறு வேலைகளையும் ஒத்திவைத்திருக்கிறீர்களா? இப்போது இருக்கும் இடத்தில், ஒரு தொட்டியளவு மண்ணிலாவது, ஒன்றை நடுங்கள்.

சொந்த வீடு கட்டி வசதியாய் இருக்கிறவர்கள் வேறொன்றைச் சிந்திக்க வேண்டும். உங்களுக்குப்பின் வருகிறவர் உண்ணும்படி எதை வைத்திருக்கிறீர்கள்?

உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தால், அவரோடு வாதாட வேண்டாம். அந்த வீட்டைப் பற்றி அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு, அவர் கை அறிந்த ஒரு வேலையை அவர் கையில் கொடுங்கள்.

ஜெபிப்போம்

எங்கள் பரம பிதாவே, நாங்கள் தங்கிச் செல்லும் வீடுகளுக்காக உம்மைத் துதிக்கிறோம். எங்களுக்கு முன் இங்கே நட்டவர்களுக்காகவும், எங்களுக்குப் பின் உண்ணப் போகிறவர்களுக்காகவும் நன்றி செலுத்துகிறோம். வழி மறந்த முதியோரையும், அவர்களைத் தாங்கும் குடும்பத்தாரையும் உமது கரத்தில் ஒப்படைக்கிறோம். நீர் எங்களை அழைக்கும் நாள்வரை, நீர் வைத்த இடத்தில் உண்மையாய் உழைக்கவும் அன்பாய் வாழவும் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபம் கேளும் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்