தம்பிக்கு, மகரகம வாட்டுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுப் போனில் எதைக் கேட்டாலும் "ஒண்டுமில்லை அக்கா, நல்லா இருக்கிறன்" என்றுதான் சொன்னாய். மச்சாள் பக்கத்தில் நிற்கிறாள், அவள் பயந்துவிடுவாள் என்று உனக்கு. அது எனக்கு விளங்குது. ஆனால் அதே பதிலை மிஸ்ஸிமாருக்கும் டொக்டருக்கும் சொல்லிவிடாதே. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு ஏற்றுகிற கீமோ மருந்துகள் முன்பு எனக்கு ஏற்றியவைதான் என்று மச்சாள் சொன்னாள். அந்தச் சிவப்பு மருந்து ஏறின பிறகு ஒன்றிரண்டு நாள் சலம் சிவப்பாய்ப் போகும். இரத்தம் என்று பயப்படாதே. மற்ற மருந்தொன்று சலப்பையைப் புண்ணாக்கக்கூடியது. அதனால்தான் தண்ணி குடி, குடி என்று கரைச்சல் படுத்துவார்கள், குடி. காலையில் தருகிற பிரெட்னிசலோன் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு உடனே போடு. பிந்திப் போட்டால் இரவு முழுக்க முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டி வரும். வாய் புண்ணானால் உப்புத்தண்ணியால் கொப்பளி. சம்பல் வேண்டாம், சொதியும் இடியப்பமும் போதும்.

வின்கிறிஸ்டின் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். அது எங்கள் வளவில், உப்புவெளி மணலில், கவனிப்பாரில்லாமல் பூத்துக் கிடக்கிற பட்டிப்பூச் செடியிலிருந்து வந்தது. ஜமெய்க்காவில் சலரோகத்துக்கு அந்த இலையை அவித்துக் குடிப்பார்களாம். அங்கிருந்து கனடாவுக்குத் தபாலில் இலை போனது. ரொபேர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீனி குறையவில்லை, வெள்ளணுக்கள்தான் விழுந்தன. அதைப் பிடித்துக்கொண்டு அவரும் சார்ள்ஸ் பியரும் 1958 இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தை வெளியிட்டார்கள். வின்கிறிஸ்டின் அதே செடியிலிருந்து அடுத்து வந்தது. (பெரியம்மா இலை அவித்துத் தரட்டோ என்று கேட்டால் கண்டிப்பாய் மறுத்துவிடு. அது நஞ்சு. ஆஸ்பத்திரியில் அளந்துதான் தருகிறார்கள்.)

இந்த மருந்து விரல் நுனிகளை மரக்கச் செய்யும். நீ போட் எஞ்சின் வேலை செய்கிறவன். நட்டு கைக்குள் நிற்காமல் நழுவினால், சேட் பொத்தான் போட ஏலாமல் போனால், அன்றைக்கே சொல். சொன்னால் அளவை மாற்றிப் பார்ப்பார்கள். மலச்சிக்கலும் வரும். வெட்கப்பட்டு மறைக்கிற விசயமில்லை அது.

இனி முக்கியமானது. ஊசி ஏற்றின ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில் வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகும். அப்போது நீ வீட்டில் இருப்பாய், வாட்டில் அல்ல. கிருமி புகுந்தால் எதிர்க்க உடம்பில் ஆளில்லை, வீக்கமோ சீழோ காட்டாது. காய்ச்சல் ஒன்றுதான் காட்டும். தேர்மாமீற்றரில் 38 பாகை, பழைய கணக்கில் 100.4, கண்டால் நேரே திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போ. நடுச்சாமமென்றாலும் போ. கிளினிக் கொப்பியைக் காட்டி, கீமோ ஏற்றினவன் என்று வாசலிலேயே சொல். மகரகமவுக்கு வெளிக்கிட வேண்டாம். ஹபரணைக் காட்டுவழியில் போகிற அந்த மணித்தியாலங்களுக்குள் கிருமி இரத்தமெல்லாம் பரவிவிடும். அவனவன் சொல்கிறான் என்று இரண்டு பனடோல் போட்டுவிட்டுப் படுக்காதே. பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது. இதை மச்சாளுக்கும் வாசித்துக் காட்டு, அவள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

வாட்டில் சிங்களம் வராதென்று வாயை மூடிக்கொண்டு இருக்காதே. காய்ச்சலுக்கு "உண", நோவுக்கு "ரிதெனவா", ஓங்காளத்துக்கு "ஒக்காரெ". இந்த மூன்றும் போதும், மிச்சத்தைக் கையால் காட்டலாம். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த மாத்தறை அம்மாதான் இதெல்லாம் சொல்லித் தந்தது. தன் மகன் கொண்டு வந்த தோடம்பழத்தில் பாதியை எனக்குத்தான் உரித்துத் தருவா.

தெல்லிப்பழைக்கு மாறுவோமோ என்று கேட்டாய். அது நல்ல ஆஸ்பத்திரி. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் 27 நாள் நடந்து சனம் காசு சேர்த்துத்தான் அதைக் கட்டினது. தமிழில் கதைக்கலாம், எங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஓரிடத்தில் தொடங்கின வைத்தியத்தை நடுவில் நாமாகப் பெயர்க்கக் கூடாது. உன் டொக்டரைக் கேள். அவர் சம்மதித்துக் கடிதம் தந்தால் நான் கூட வருகிறேன்.

மயிர் கொட்டும், தம்பி. சின்னவளுக்கு இப்பவே சொல்லி வை. போனில் உன் முகத்தைத் திடீரென்று பார்த்தால் அழுவாள். முன்னமே தெரிந்தால் தொப்பி நிறம் தானே தெரிவு செய்வாள்.

அம்மா பத்திரகாளி கோவிலில் நேர்த்தி வைத்திருக்கிறா. வைக்கட்டும், அவவுக்கும் செய்ய ஒன்று வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு மெயிலில் பெரியண்ணா வருகிறார். கோட்டையில் இறங்கி 138 பஸ்ஸில் வந்துவிடுவார். தேர்மாமீற்றர், மெதுவான பல் பிரஷ், ஒரு கொப்பி, பேனை அனுப்புகிறேன். காய்ச்சல், சாப்பாடு, வயிறு, விரல், நித்திரை எல்லாவற்றையும் அன்றன்று எழுதி, டொக்டர் வாட்டைச் சுற்றி வரும்போது நீயே வாசித்துச் சொல். நாளைக்குப் பின்னேரம் நான் எடுப்பேன். முதலில் விரல்கள் எப்படி என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
அக்கா