லதா எடுத்த முடிவு

விக்ரம் சேத் ஆங்கிலத்தில் எழுதிய ‘எ சூட்டபிள் பாய்’ என்னும் நாவல் 1993ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘பொருத்தமான மாப்பிள்ளை’ என்பது அத்தலைப்பின் பொருள். நூல் 1,300 பக்கங்களைத் தாண்டும். அதை வாங்குபவரின் பணப்பையும் ஏந்துபவரின் மணிக்கட்டும் படப்போகும் பாட்டை எண்ணி, நூலாசிரியரே தொடக்கத்தில் நகையாடுகிறார்.

ஆனால், கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். 1950களின் தொடக்கம். வட இந்தியாவில் வாழும் ரூபா மேஹ்ரா, கணவரை இழந்தவர். அவர் தம் இளைய மகள் லதாவுக்கு மாப்பிள்ளை தேடுகிறார். லதாவை மணக்க விரும்புவோர் மூவர்: பல்கலைக்கழக மாணவன் கபீர், கவிஞன் அமித், காலணித் தொழிலில் ஈடுபட்டுள்ள ஹரேஷ். லதா கபீரை நேசிக்கிறாள். அவன் முஸ்லிம் என்பதால் தாய் அதை ஏற்கவில்லை. இறுதியில் லதா ஹரேஷை மணக்கிறாள்.

இச்சுருக்கத்தை மட்டும் கேட்பவர், “தாய்க்குப் பயந்து காதலைக் கைவிட்டாள்” என்று உடனே சொல்லிவிடுவார். நூலை முழுமையாகப் படித்தவரால் அப்படிச் சொல்ல இயலாது.

ஏனெனில், லதா பல திருமணங்களைக் கண்ணெதிரே பார்க்கிறாள். நாவல் அவளுடைய அக்காள் சவிதாவின் திருமணத்தில் தொடங்குகிறது. அதிகம் அறிந்திராத ஒருவரை அக்காள் எப்படி மணக்கிறாள் என்று லதா வியக்கிறாள். ஆனால், அத்தம்பதியரிடையே அன்பு மெல்ல மெல்ல வளர்கிறது. அண்ணன் வீட்டு நிலையோ வேறு. அண்ணி மீனாட்சி, மறைந்த மாமனார் பெற்ற தங்கப் பதக்கத்தை உருக்கி நகை செய்துகொள்கிறாள். அதை அறிந்த ரூபா மேஹ்ரா நொறுங்கிப் போகிறார். பிள்ளைகளின் வாழ்வில் ஓயாமல் தலையிடும் அத்தாயை எண்ணிச் சலிப்படைந்த வாசகரும் அவ்விடத்தில் அவருக்காக வருந்துகிறார்.

ஹரேஷின் நடையுடை பாவனை முதலில் லதாவைக் கவரவில்லை. வாசகரையும்தான். வேலை போனபின், தாழ்ந்த பதவியையும் ஏற்று அவன் உழைப்பதைக் கண்ட பிறகே இருவருடைய எண்ணமும் மாறுகிறது. கபீர்மீது கொண்ட காதல் தன் மன அமைதியைக் குலைப்பதையும் லதா உணர்கிறாள். தாயின் விருப்பம் அவளுடைய முடிவில் கலந்திருந்தாலும், முடிவெடுத்தவள் அவளே.

அம்முடிவு சரியானதா? நெருங்கிய தோழி மாலதியே அதைக் கேட்டுத் திகைக்கிறாள். கபீரையே மணந்திருக்க வேண்டும் என்று கருதும் வாசகர்களும் உண்டு. எனினும், லதாவோடு இத்தனை பக்கங்களைக் கடந்து வந்தவர், அவளைக் கோழை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட மாட்டார். பல வாரங்கள் செலவிட்டுப் படித்ததன் பயன் அதுவே.