பழைய ரவுட்டரும் பீலித் தண்ணீரும்

எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் மலையொன்றில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டில் அண்மையில் ஒரு வழக்கு நடந்தது. எதிரி, ஏழு வருடமாக அலமாரியின் மேல் குந்தியிருக்கும் ரவுட்டர். வாதி, உயர்தர வகுப்பில் படிக்கும் என் மகள்.

மாலை நேரத்து இணையவழிக் கணித வகுப்பில் ஆசிரியர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டாராம். விடை தெரிந்திருந்தும், அவள் வாய் திறக்குமுன் இணைப்பு அறுந்து போயிற்று. மறுபடி சேர்வதற்குள் கேள்வி வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது. "எனக்குத் தெரியாது என்றுதானே சேர் நினைத்திருப்பார், அப்பா?" என்று கண் கலங்கினாள். புதியது வாங்கிவிடுவதென்று அக்கணமே எண்ணினேன்.

ஆனால் கையில் இருந்ததோ, கூரைத் தகரம் மாற்றுவதற்கென்று என் மனைவி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். "மே மாதத்து மழை கேட்டுக்கொண்டா பிள்ளையின் புத்தகத்தை நனைக்கும்?" என்றாள் அவள். கடைக்காரர் காட்டிய உயர்ந்த ரகத்தின் விலை, 2024-இல் விதிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாயை வைத்துக் கணக்கிட்டால், இருபது நாள் உழைப்பு.

தீர்ப்புக்கு முன் விசாரணை வேண்டுமல்லவா? கைத்தொலைபேசியை ரவுட்டருக்கு அருகிலேயே வைத்து வேகத்தைப் பார்த்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு வினாடிக்கு 18 மெகாபிட். மாலை ஏழு மணிக்கு அதே இடத்தில் 2. ரவுட்டர் மாறவில்லை, பொழுதுதான் மாறியிருந்தது. எங்கள் லயத்துப் பீலியிலும் இதே கதைதான். காலையில் குடம் விரைவில் நிரம்பும். மாலையில் எல்லாரும் குடத்துடன் வந்து நிற்பார்கள். பீலியைப் பெரிதாக்கினால் ஊற்றுப் பெருகிவிடுமா? எங்கள் ரவுட்டர் 2009-இல் வகுக்கப்பட்ட முறையைச் சேர்ந்தது. கிழமானாலும், கோபுரத்திலிருந்து எங்களுக்கு வந்து சேருவதைவிடப் பல மடங்கு அதனால் வீட்டுக்குள் பரப்ப முடியும். மாலையில் ஊரே ஒரு கோபுரத்தை மொய்த்தால் அது என் செய்யும்?

மற்றொரு குற்றம் எங்களுடையது. தகரம் வானலையைத் திருப்பிவிடும். கருங்கற்சுவர் அதைத் தேய்த்துவிடும். நாங்களோ கூரைத் தகரத்தின் கீழே, சுவரோரமாக ரவுட்டரை வைத்திருந்தோம். இலங்கை வானொலி கேட்பதற்காகக் கமுக மரத்தில் ஏரியல் கம்பி கட்டிய என் தந்தையார், "பெட்டியைக் குறை சொல்லாதே, கம்பியைப் பார்" என்பது வழக்கம். அதை நினைத்துக்கொண்டு, ரவுட்டரைக் கோபுரம் நோக்கிய சன்னலுக்கு மாற்றினேன். மாலை வேகம் 5 ஆயிற்று, வகுப்பும் அறுபடவில்லை.

வழக்குத் தள்ளுபடி என்று நான் மகிழ்ந்திருக்கையில், மகள் புதிய சாட்சியம் ஒன்றைக் கொண்டுவந்தாள். இந்த வகை ரவுட்டருக்கு மென்பொருள் திருத்தம் அனுப்புவதைத் தயாரிப்பாளர் நிறுத்திவிட்டாராம். இது அற்ப விஷயமன்று. வைஃபைக்குப் பூட்டாக இருக்கும் டபிள்யு.பி.ஏ. 2 முறையில் 2017-இல் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் ஒருவர் பெருங்குறை ஒன்றைக் கண்டறிந்தார். மென்பொருள் திருத்தங்களே அதை அடைத்தன. 2018-இல் டபிள்யு.பி.ஏ. 3 என்னும் உறுதியான பூட்டும் வந்தது. நாளை வேறொரு ஓட்டை வெளிப்பட்டால், எங்கள் கிழவருக்கு மருந்து கொடுப்பார் எவருமில்லை. அடுத்த காம்பிராப் பிள்ளைகள் இருவரும் எங்கள் இஸ்தோப்பில் அமர்ந்து இதே இணைப்பில்தான் படிக்கிறார்கள். பூட்டுப் பழுதானால் கேடு எங்கள் வீட்டோடு நிற்காது.

ஆகவே தீர்ப்பு இவ்வாறாயிற்று: வேகத்துக்காகப் புதியது வேண்டாம், பூட்டுக்காக வேண்டும். முதலில் கூரை, அடுத்த சீட்டில், டபிள்யு.பி.ஏ. 3 உள்ள எளிய ரவுட்டர் ஒன்று. அதுவரை கடவுச்சொல்லை நீளமாக மாற்றியிருக்கிறோம். வங்கிக் கணக்கை இந்த இணைப்பின் வழியாகத் திறப்பதில்லை. பெரிய பாடக் காணொளிகளை மகள் விடியற்காலையிலேயே இறக்கி வைத்துக்கொள்கிறாள். பீலிக்கு முதலில் போகிறவளின் குடம் நிரம்பும் என்பது அவள் பாட்டி சொல்லித் தந்த பாடம்.

சென்ற வாரம் ஆசிரியர் மறுபடியும் அவளைக் கேட்டார். சன்னலோரம் இருந்து அவள் சொன்ன விடை, இஸ்தோப்பில் இருந்த எனக்கும் கேட்டது.