மலையிலிருந்து இறங்கிய வீதி

திண்டுக்கல்லுக்குப் போகிறவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், பூட்டு வாங்குவார்கள், இக்காலத்தில் பிரியாணியும் சாப்பிடுவார்கள். நானோ ஒரு மாலைப் பொழுதை மேற்கு ரத வீதியில் கழித்தேன். ஸ்வாமியின் ரதத்துக்கென்று பெயர் வைத்த வீதியில் ஆசாமி நடப்பதற்கே இடமில்லை! துணிக்கடைக் கூட்டமும் மோட்டார் சைக்கிள்களும் அப்படி.

ஆயினும் மேற்கே தலை நிமிர்ந்தால் மலை தெரிகிறது. இவ்வீதியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. மதுரை நாயக்கரான முத்துக்கிருஷ்ணப்பர் 1605-ல் அம்மலைமேல் கோட்டையை எழுப்பினார். பின்னர் அது மைசூரார் வசமாயிற்று. 1755-ல் ஹைதர் அலி பௌஜ்தாராக வந்து சேர்ந்தார். அவருடைய சகோதரியின் சமாதியால்தான் பேகம்பூருக்கு அந்தப் பெயர் வந்ததென்பர். உச்சியில் உள்ள கோயிலில் இன்று விக்கிரகம் இல்லை. யுத்த காலத்தில், ஜனங்கள் கோட்டைக்குள் வந்து போவது காவலுக்கு இடையூறென்று கருதி, அம்மனை ஊருக்குள் இறக்கிவிட்டார்கள் என்று உள்ளூர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். கீழே அபிராமி அம்மன் குடிகொண்ட கோயிலைச் சுற்றியே நான்கு ரத வீதிகளும் அமைந்திருக்கின்றன. கோட்டை ஆளற்றுப் போயிற்று, வீதி பிழைத்துக்கொண்டது.

1790-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்ததும் ஊருக்குக் கலெக்டர் வந்தார். பிற்பாடு கச்சேரி மதுரைக்குப் போய்விட்டது. மறுபடி ஜில்லாத் தலைநகரென்ற பெருமை கிடைக்க 1985 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஊர் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1866-ல் நகரசபை ஏற்பட்டது. 1875-ல் ரயில் வந்தது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டு சீமை வரையில் புகழ் பெற்றதே, அதற்குப் புகையிலை போனது திண்டுக்கல் பக்கத்து நிலங்களிலிருந்துதான். புகழ் என்னவோ திருச்சிக்கு!

பூட்டின் புகழை மட்டும் ஒருவரும் அபகரிக்கவில்லை. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் கடைவீதியில் ஓர் இரும்புக் கடையில் நுழைந்து, "திண்டுக்கல் பூட்டு இருக்கிறதா?" என்று கேட்டபோது, கடைக்காரர் என்னைச் சற்று வியப்புடன் பார்த்தார்.

"அலிகார் பூட்டு விலை சரசம், ஐயா. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். நம் பூட்டைக் கையால் அராவி, நெம்புகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்கு ஆசாரிமாரின் பிள்ளைகள் வருவதில்லை" என்றார்.

கூலியைக் கேட்டால், வராத பிள்ளைகள்மேல் குற்றம் சொல்லத் தோன்றாது. சாமர்த்தியத்துக்குக் குறியீடு கொடுத்தோம். சாப்பாட்டுக்கு வழி சொல்லவில்லை.

உள்ளேயிருந்து தூசி தட்டி ஒரு மணிப் பூட்டை எடுத்து வந்தார். சாவியைத் திருப்பினால் 'கிணிங்' என்று மணி அடிக்கும். திருடனை அவனே காட்டிக்கொடுக்கச் செய்யும் யுக்தி. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அதைப் போடுவதற்கு ஏற்ற பெட்டி கிடையாது. குழந்தைகள் நாள் முழுவதும் திறந்து திறந்து மூடுகிறார்கள். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும், "யார் வந்திருக்கிறார்கள்?" என்று பாட்டி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.