பிரேக் திரும்ப வந்துவிட்டது என்று நம்பிய பன்னிரண்டு நாட்கள்

கொஞ்சம் நீளமான த்ரெட். பழைய ஜீப், ஜிப்சி வச்சிருக்கிறவங்க, மலைப்பாதையில் குடும்பத்தோட போறவங்க முழுசா படிங்க. வண்டியே இல்லாதவங்களும் நடுவில் வருகிற பக்கவாதம் பகுதியை மட்டுமாவது படிச்சிடுங்க.

என்னிடம் 1998 மாடல் மாருதி ஜிப்சி ஒன்று இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கி நாலு வருஷம் ஆச்சு. ஆம்பூர் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை. டியூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியோடுதான் பொழுது போகும். "எம்பிபிஎஸ்ஸோட நிறுத்திட்டியே, மேல படிக்கலையா"ன்னு கேட்கிற சொந்தக்காரங்ககிட்ட நான் தப்பிக்கிற இடமும் அதுதான்.

ஒரு ஞாயிறு அம்மாவையும் என் அஞ்சு வயசுப் பொண்ணையும் ஏலகிரிக்குக் கூட்டிட்டுப் போனேன். போனவங்களுக்குத் தெரியும், பொன்னேரியிலிருந்து மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் பேரோ வள்ளல் பேரோ வச்சிருப்பாங்க. ஏறும்போது பொண்ணுக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டே போனேன். இறங்கும்போது படிக்கிற நிலைமையில நான் இல்லை.

தப்பு என்னுடையதுதான், மறைக்க ஒண்ணுமில்லை. மூணாவது கியரில் வண்டியை ஓடவிட்டு, பிரேக்கில் காலை வச்சபடியே இறங்கினேன். பாதி மலை தாண்டியிருக்கும். ஒரு வளைவுக்கு முன்னாடி மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. அடுத்த மிதியில் நேரா தரையைத் தொட்டுது. வண்டி நிக்கவே இல்லை.

ரெண்டாவது கியருக்கு இறக்கினேன். இன்ஜின் கத்தியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்தேன். அது கேபிளில் வேலை செய்வது, பிரேக் ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, அதனாலதான் பிழைச்சோம். மலைப்பக்கத்து ஓடையில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பொண்ணு "அப்பா, இன்னொரு வாட்டி"ன்னு கேட்டா. அம்மா எதுவும் பேசல.

அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு பெடலை மிதிச்சுப் பார்த்தேன். கல்லு மாதிரி நின்றது! இன்ஜினைப் போட்டு நாலு முறை சோதிச்சேன், பழையபடி பிடிக்குது. முதல் கியரில் ஊர்ந்து வந்து சேர்ந்தோம். மறுநாள் காலையிலும் பிரேக் அருமையா இருந்தது. "ஏதோ சூடாயிடுச்சு, இப்ப சரியாயிடுச்சு"ன்னு நானே தீர்ப்பு எழுதி, அடுத்த பன்னிரண்டு நாள் அதே வண்டியில் டியூட்டிக்குப் போய் வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை. தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற ஒருத்தரை அவர் மனைவி கூட்டிட்டு வந்தாங்க. வலது கை, வலது கால் வரல, பேச்சும் குழறல். முந்தின ராத்திரியே ஆரம்பிச்சிருக்கு. விசாரிச்சால் நாலு நாள் முன்னாடி சாப்பிடும்போது கையிலிருந்து சோறு நழுவி விழுந்திருக்கு. "பத்து நிமிஷத்துல தானா சரியாயிடுச்சு சார், அதான் வரல"ன்னு அந்தம்மா சொன்னாங்க.

இதை நாங்க டிஐஏ என்போம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கொஞ்ச நேரம் அடைபட்டுத் திறப்பது. வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், சில நிமிஷத்தில் எல்லாம் சரி. சரியானதால்தான் ஆபத்து. பெரிய பக்கவாதம் வருவதற்கான வாய்ப்பு அதற்கடுத்த 48 மணி நேரத்தில்தான் ரொம்ப அதிகம். முழு பக்கவாதம் வந்துவிட்டால், அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. இவருக்கு அது தாண்டிவிட்டது. மேல் சிகிச்சைக்கு அனுப்பி வச்சோம்.

"சரியாயிடுச்சுன்னு எப்படிம்மா விட்டீங்க"ன்னு அந்தம்மாகிட்ட கேட்க வாய் வரைக்கும் வந்துடுச்சு. கேட்கல. வெளியே மரத்தடியில் என் ஜிப்சி நின்றுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் நேரா பாய் கடைக்குப் போனேன். பைபாஸுக்கு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஒர்க்‌ஷாப். பாய் பெடலை ஒரு தடவை மிதிச்சார். "பெடல் நல்லாத்தானே இருக்கு டாக்டர் சார். ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"வாங்கினதுலேர்ந்து மாத்தல பாய்."

"அதுக்கு முன்னாடி?"

"தெரியாது."

நாங்க ஓபியில் பார்க்கிற பார்வையை அவர் என்னைப் பார்த்தார். கடைசியா சுகர் எப்ப பார்த்தீங்கன்னு கேட்டு, பதில் வராதபோது பார்க்கிற அதே பார்வை.

நடந்தது இதுதான். சாதாரண பிரேக் ஆயில் கிளைக்கால் வகை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கும், மழைக்காலத்தில் உப்பு கசிவது மாதிரி. டப்பாவின் மூடி வழியா, ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்கில் தண்ணீர் சேரும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிர்ணயம். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்தபின் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிடும். டாட் 4 என்றால் 230, 155.

மலையில் காலை எடுக்காமல் மிதிச்சபடி இறங்கினால் அந்தச் சூடு சக்கரத்தில் வந்துடும். ஆயில் கொதிச்சு ஆவிக்குமிழி ஆகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்க மிதிக்கிற பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே போயிடும். ஆறினதும் ஆவி மறுபடி திரவமாகிடும், பெடல் கல்லு மாதிரி நிக்கும். வண்டிக்கு வந்த டிஐஏ அது.

"ப்ளீட் பண்ணிடலாம்"னு பாய் சொன்னார். என் தொழிலில் ப்ளீடிங்னா ஓடிப்போய் நிறுத்தணும், அவர் தொழிலில் உட்கார்ந்து ஓடவிடணும். டிரிப்ஸ் டியூப் இருந்தா கொண்டாங்கன்னார். மெடிக்கல் ஷாப்பில் புது ஐவி செட் வாங்கிக் கொடுத்தேன் (ஆஸ்பத்திரியில் பயன்படுத்தின டியூபைக் கேட்காதீங்க, அது மருத்துவக் கழிவு, வெளியே போகக் கூடாது).

முதலில் டப்பாவிலிருந்த பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசு ஊத்தினோம். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கிற சக்கரம். நம்ம ஊர் வண்டிக்கு இடது பின்சக்கரம். அடுத்து வலது பின், இடது முன், கடைசியா வலது முன். நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் இருக்கிற பாட்டிலில் முக்கி வைக்கணும். உள்ளே நான் மிதிச்சுப் பிடிக்க, பாய் நிப்பிளைத் தளர்த்துவார், ஆயில் வரும், இறுக்கிட்டு "விடுங்க" என்பார். அவர் சொல்றதுக்கு முன்னாடி காலை எடுத்தா காற்றை உள்ளே இழுத்துக்கும். ரெண்டு தடவை எடுத்துத் திட்டு வாங்கினேன்.

டிரிப்ஸில் சின்ன குமிழி போனால் கூட இருக்கிறவங்க பதறி ஓடி வருவாங்க. அந்தச் சின்ன குமிழி பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது, நுரையீரல் பார்த்துக்கும். பிரேக் லைனுக்கு நுரையீரல் கிடையாது. ஒரு குமிழி தங்கினாலும் பெடல் சொல்லிடும்.

பழைய வண்டிக்கு மட்டும் பாய் சொன்ன ரெண்டு விஷயம். பெடலைத் தரை வரைக்கும் அமுக்கக் கூடாது, கீழே ஒரு மரக்கட்டை வச்சுக்கணும். மாஸ்டர் சிலிண்டருக்குள் இத்தனை வருஷம் தேயாத பகுதியில் துரு, கசடு இருக்கும், ரப்பர் அங்கே போய் உரசினால் கிழியும். ரெண்டாவது, துருப்பிடிச்ச நிப்பிளை முரட்டுத்தனமா திருகாதீங்க, உடையும். துரு இளக்குற ஆயில் அடிச்சுக் காத்திருந்து ரிங் ஸ்பேனர் போடணும். இடையில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கறதும், வேறெந்த ஆயிலும் கலக்காமல் இருப்பதும் எல்லா வண்டிக்கும் பொது. இன்ஜின் ஆயில் பட்டால் ரப்பர் கப் ஊதிடும்.

ரப்பர்னதும் ஒண்ணு சொல்லணும். நம்ம தோல் ஊர்க்காரங்களுக்குப் பிடிக்கும். ஹைட்ராலிக் பிரேக்கை அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் கொண்டுவந்தபோது சிலிண்டருக்குள் இருந்தது பதப்படுத்தாத தோல் வாஷர்தான். கசிவு தாங்கல. 1924ல் வந்த கிரைஸ்லர் காரில்தான் அது ரப்பருக்கு மாறியது. பாய்கிட்ட சொன்னேன். "நம்ம ஆம்பூர்ல குடுத்திருந்தா கசிஞ்சிருக்காது"ன்னார்.

வந்த ஆயில் முதலில் டிகாஷன் மாதிரி, கடைசியில் தேன் கலரில். ஆனா கலரை மட்டும் நம்பாதீங்க, தெளிவா இருக்கிற ஆயிலிலும் தண்ணீர் இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்திடுங்க.

பழைய ஆயிலைப் பாய் எடுத்து ஊத்தினது ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில். அங்கே என் முறை வந்தது, நான் திட்டினேன். பல பிரேக் ஆயில்களில் டைஎத்திலீன் கிளைக்கால் இருக்கும். கிட்னியை அழிக்கிற விஷம். 2025ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்தில் கலந்திருந்தது இதேதான், அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். லேசான இனிப்பு வேற, குழந்தை துப்பாது. யாராவது குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. பாய் ஒண்ணும் பேசாமல் அதை ஆயில் கேனுக்கு மாத்தி, பூட்டுற அலமாரியில் வச்சார்.

கேனுலா போட்டால் மேலே பிளாஸ்டரில் தேதி எழுதி ஒட்டுவோம். அதே மாதிரி ஆயில் டப்பா மேல் ஒரு பிளாஸ்டர் ஒட்டி அன்றைய தேதியை எழுதினேன்.

அடுத்த ஞாயிறு தனியா ஏலகிரி ஏறி, ரெண்டாவது கியரிலேயே இறங்கிப் பார்த்தேன். ஒரு வளைவிலும் பெடல் இளகல. வீட்டுக்கு வந்து சொன்னதும் பொண்ணு கிளம்பி நின்னுட்டா. அம்மா மட்டும் இன்னும் அந்த வண்டியில் ஏறல.