கெட்டிமேளத்தில் இணையும் இரண்டு கேமராக்கள்

தை முகூர்த்தங்களில் பண்ருட்டி–கடலூர் சாலை நெரிந்து போகும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களுக்கு நடுவே, அண்ணாகிராமம் ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் மாப்பிள்ளை அழைப்பு வந்துகொண்டிருந்தது. காருக்கு முன்னால் பின்னோக்கியே நடந்தபடி ஒருவர் படம் எடுத்தார். கையில், ஆட்டத்தை அடக்கும் பிடியான கிம்பலில் ஒரு கேமரா. மார்பில் பெல்ட்டால் கட்டிய சின்ன ஆக்‌ஷன் கேமரா. உதவிக்கு ஆள் கிடையாது. மறுநாள் தாலி கட்டும்வரை அவருடனேயே இருந்தேன்.

"மார்ல இருக்கிறது அதுபாட்டுக்கு ஓடட்டும் சார். அதை நான் மறந்துடணும். கண்ணு கையில இருக்கிறதுலதான்" என்றார். அகல லென்சில் நடையின் ஆட்டம் அவ்வளவாகத் தெரியாது. முகத்தை நெருங்கிப் பிடிக்கும் லென்சிலோ மூச்சு விடுவதுகூடத் தெரியும். அதனால் அகலத்துக்கு உடம்பு, நெருக்கத்துக்குக் கிம்பல். ஊர்வலம் கிளம்பும் முன்பே இரண்டு கேமராவிலும் நிறத்தையும் வெளிச்சத்தையும் தானாக மாற்றும் ஆட்டோ அமைப்பை நிறுத்திவிடுகிறார். இல்லையென்றால் ஒவ்வொரு விளக்கைத் தாண்டும்போதும் பட்டுப்புடவை ஒரு நிறம் மாறும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. இந்த அளவை மீறினால் சில விளக்குகள் படத்தில் துடிக்கும்.

மண்டபத்தில் ஆக்‌ஷன் கேமரா மார்பிலிருந்து இறங்கி, மணவறைக்குப் பக்கவாட்டில் உயரமான ஸ்டாண்டுக்குப் போனது. தாலி எடுத்ததும் அட்சதையோடு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். தலைக்கு மேலே இருந்தால்தான் எதுவும் மறையாது. கேமராக்காரர் மணப்பெண்ணுக்கு எதிரே மண்டியிட்டிருந்தார். "தம்பி, எங்க சித்தப்பாவையும் புடிங்க" என்று ஓர் அம்மாள் தோளைத் தட்டினார். இவர் திரும்பவில்லை. சித்தப்பா ஸ்டாண்டுக் கேமராவில் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

எடிட்டிங்கில் இரண்டு பதிவையும் எப்படி இணைப்பீர்கள் என்று கேட்டேன். கெட்டிமேளத்தை வைத்துத்தான் என்றார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சினிமாவில் கிளாப் பலகை செய்யும் வேலையை இங்கே தவில் செய்துவிடுகிறது: இரண்டு ஒலிக்கோடும் ஒரே அடியில் எகிறும், அதைப் பொருத்தினால் போதும். ஸ்டாண்டை மண்டபத்தின் கடைசியில் வைப்பதில்லை. ஒரு பிரேம் நேரத்தில் ஒலி சுமார் 14 மீட்டர்தான் போகும். தள்ளி வைத்தால் உதடும் சத்தமும் பிசகும்.

கல்யாணம் மட்டுமல்ல, ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரம் தேருக்கும் போகிறார். ஐந்து தேர்கள், நான்கு வீதிகள். ஒரு கேமரா கீழவீதி மாடியில், இன்னொன்று வடம் பிடிக்கும் கைகளுக்கு நடுவே. 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரம்கூட வராது. தேரோ காலையில் கிளம்பினால் நிலைக்கு வர மாலையாகிவிடும். ஆளில்லாத கேமராவை எப்போது ஓடவிடுவது என்பதை வடத்துக்கு நடுவில் நின்றபடியே அவர் முடிவுசெய்ய வேண்டும்.

கூலி பேசும்போது மட்டும், "கேமரா ரெண்டுன்னாலும் ஆளு ஒண்ணுதானே" என்கிறார்களாம். இது அநியாயம். இரண்டு கார்டு, இரண்டு பேட்டரி, இரு மடங்கு எடிட்டிங், இரண்டு பேருக்கான கவனம். தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கேளுங்கள் தம்பி என்றேன். வைகாசி முகூர்த்தங்களிலிருந்து அப்படித்தான் கேட்கப் போகிறாராம்.