அத்திப்பழ அடையும் ஆலய வளாகத்துப் பூண்டும்



சாம்பியன் ரீப்ஸ் உங்களில் பலருக்குப் பிறந்த மண். 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் பிழைப்புக்காகப் பெங்களூருக்குக் குடிபோனீர்கள். அநேகர் இன்றும் விடியற்காலை இரயிலில் போய் இரவில் திரும்புகிறார்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது, பூட்டிய லைன் வீடுகளைச் சுற்றி இடுப்பளவு வளர்ந்து, சிறு வெள்ளைப் பூ பூத்து நிற்கும் செடியைக் கண்டிருப்பீர்கள். கேரட் இலை போன்ற இலை. ஊரார் அதைக் காங்கிரஸ் செடி என்பார்கள். பார்த்தீனியம் என்பது அதன் பெயர். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய இது, 1950களில் பூனாவில் காணப்பட்டுப் பின்பு தேசமெங்கும் பரவியது. மெக்சிகோவிலிருந்து கொணர்ந்த ஒரு வண்டை 1984இல் பெங்களூரில் விட்டார்கள். வண்டு இலையைத் தின்கிறது. செடியோ இன்னும் நிற்கிறது.

சில வருஷங்களுக்கு முன், கன்வென்ஷன் கூட்டத்திற்காக ஆலய வளாகத்தைச் சுத்தம் செய்தோம். வெறுங்கையால் பிடுங்கிக் குவித்து, காய்ந்தபின் கொளுத்தும்படி சொன்னவன் நான்தான். இரண்டாம் நாள் என் கண்ணிமைகள் தடித்தன. கழுத்தும் முழங்கை மடிப்பும் சிவந்து அரித்தன. எங்களோடு வேலை செய்த வயதான விதவைச் சகோதரி ஒருவருக்கோ முகமே வீங்கிப்போயிற்று. எண்ணெய் பூசி ஜெபிக்க வந்தார்கள். ஜெபித்தோம். ஐந்தாம் நாள் கண் திறக்க முடியாமல், சிரங்கில் நீர் வடிய மறுபடியும் வந்தார்கள். "டாக்டரிடம் போனீர்களா அம்மா?" என்றேன். "மருந்தைத் தேடுவது அவிசுவாசம் என்று நீங்கள்தானே ஐயா பிரசங்கித்தீர்கள்" என்றார்கள்.

அந்த இரவு எனக்கு நித்திரையில்லை. எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைத் தேவன் கேட்டு, பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டினார். அப்படியிருந்தும் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. வேதாகமக் கல்லூரியில் அந்தப் பகுதியைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான்! காலையில் அவர்கள் வீட்டிற்குப் போய், என் பிரசங்கம் தவறு என்று சொல்லி, நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சுகமாக மூன்று வாரமாயிற்று.

அங்கே அறிந்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன். இது விஷக்கடி அல்ல, ஒவ்வாமை. பல வருஷம் ஒன்றும் செய்யாதிருந்து ஒருநாள் திடீரென்று பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் செடியைத் தொடவும் வேண்டாம். அதன் தூள் காற்றில் பட்டாலே போதும். ஆகையால் எரிக்கவே கூடாது. பூக்கும் முன், மழை ஈரத்தில், கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டி வேரோடு பிடுங்குங்கள். ஏற்கெனவே அரிப்புக் கண்டவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். வேலை முடிந்ததும், படுக்கையைத் தொடுமுன்னே, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நகக்கண் வரைக்கும் கழுவுங்கள். உடுத்திய துணியைத் தனியே துவையுங்கள்.

அரிப்பு வந்துவிட்டால், குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைக் கால் மணி நேரம் வையுங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். பின்பு காலமைன் லோஷன் தடவலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். எலுமிச்சைச் சாறு, மஞ்சள், பச்சிலை அரைத்த விழுது இவற்றைப் புண்பட்ட தோலில் பூசி எரிச்சலைக் கூட்டிக்கொள்ளாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை முகத்தில் தடவுவது அதைவிட ஆபத்து. மெல்லிய தோல் கெட்டுப்போகும். கண் வீங்கினாலும், மூச்சு இறுக்கினாலும், சீழோ காய்ச்சலோ கண்டாலும் தாமதமின்றி மருத்துவரிடம் போங்கள். ஒரு வாரத்தில் தணியாவிட்டாலும் அப்படியே. போகும் வழியில் ஜெபியுங்கள். நானும் ஜெபித்துக்கொண்டேதான் போனேன்.

அடுத்த வருஷம் சுத்தம் செய்ய அந்தச் சகோதரியை அழைக்கவில்லை. அவர்களோ வீட்டிலிருந்தே எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டு அனுப்பினார்கள். தூக்கோடு கூட ஒரு பையும் வந்தது. உள்ளே ஐந்து சோப்புக் கட்டிகள்.